முதல் இல்லாத காப்பீட்டு வியாபாரம்

மத்திய அந்தமானில் உள்ள ரங்கத்துக்கு, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே செல்ல வேண்டுமானால், ஜராவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் காவல்துறையின் துணையோடு வாகன அணிவகுப்பாகக் கடந்தாக வேண்டும். பயணமே இப்படியென்றால் இணையத்தைக் கேட்கவே வேண்டாம். நீண்டகாலம் அது செயற்கைக்கோளின் தயவில்தான் இருந்தது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழை கேபிளைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். அந்த கேபிள் கரையேறும் இடங்களில் ரங்கத்தும் ஒன்று.

வங்கிச் சேவை, மருத்துவ ஆலோசனை, மாணவர்களின் படிப்பு என்று அதனால் விளைந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. ஆனால், கேபிள் வழியே பயனுள்ளவை மட்டும்தான் வந்து சேரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மும்பையின் தலால் தெருவில் இருக்கும் தரகரும், ரங்கத் கடைவீதியில் கைபேசியுடன் நிற்கும் இளைஞரும் இன்று பார்ப்பது ஒரே திரையைத்தான். அந்தத் திரையில் வாங்குவதற்கு மட்டுமல்ல, விற்பதற்கும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் உடனடியாகக் கணக்கில் பணம் வரவாகிறது. தன்னிடம் இல்லாத ஒன்றை விற்றுப் பணம் பெறும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ஆப்ஷன் விற்பனை. அதில் "மாத வருமானம்" என்ற பெயரில் பெருமளவு விளம்பரப்படுத்தப்படுவது புட் ஆப்ஷன் விற்பனை.

பங்குச் சந்தையோடு தொடர்பில்லாதவர்களுக்கு இதை எளிமையாகவே விளக்கிவிடலாம். மத்திய அந்தமானில் பாக்கு பயிரிடும் ஒரு விவசாயி, அறுவடைக்குள் விலை சரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். அவரிடம் ஒரு வியாபாரி வந்து, "கிலோவுக்கு 5 ரூபாய் இப்போதே எனக்குக் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்குள் சந்தையில் என்ன விலை இருந்தாலும், நீங்கள் கொண்டுவரும் பாக்கைக் கிலோ 300 ரூபாய்க்கு நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறார். விலை 300-க்கு மேல் இருந்தால் விவசாயி வெளிச்சந்தையில் விற்றுக்கொள்வார். 5 ரூபாய் வியாபாரிக்கு லாபம். விலை 200 ரூபாய்க்கு வீழ்ந்தால், விவசாயி வியாபாரியின் வாசலில் வந்து நிற்பார். ஒவ்வொரு கிலோவுக்கும் வியாபாரி 95 ரூபாயை இழப்பார். விவசாயி வாங்கியது புட் ஆப்ஷன். வியாபாரி விற்றது புட் ஆப்ஷன். அந்த 5 ரூபாய்தான் பிரீமியம்.

பிரீமியம் என்ற சொல்லே காப்பீட்டுத் துறையிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். புட் ஆப்ஷனை விற்பவர் உண்மையில் செய்வது காப்பீட்டு வியாபாரம். சந்தை வீழ்ந்தால் நஷ்டத்தை நான் ஏற்கிறேன் என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு அவர் பாலிசி எழுதிக் கொடுக்கிறார்.

இந்த வியாபாரத்தில் ஆதாயமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. வீழ்ச்சியைக் கண்டு அஞ்சுபவர்கள், அந்த அச்சத்துக்காகச் சற்றுக் கூடுதலாகவே விலை கொடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் தொகைதான் விற்பவரின் கூலி. சந்தை உயர்ந்தாலும் அவருக்கு லாபம், அசையாமல் கிடந்தாலும் லாபம், கொஞ்சம் இறங்கினாலும்கூட லாபம். ஒரு நல்ல நிறுவனத்தின் பங்கை இன்றைய விலையைவிடக் குறைவாக வாங்க விரும்புபவர், அதற்கான முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குறைந்த விலைக்குப் புட் விற்பதில் தவறு எதுவும் இல்லை. பங்கு கிடைத்தால் விரும்பிய விலையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பிரீமியம் மிஞ்சும்.

அமெரிக்கப் பெருமுதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே நிறுவனம், உலகின் நான்கு முக்கியப் பங்குக் குறியீடுகள் மீது இப்படிப் புட் விற்று 490 கோடி டாலர் பிரீமியம் பெற்றது. புட் விற்கச் சொல்லித் தருபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் உதாரணம் இது. அவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. 2008 நிதி நெருக்கடியில் அந்த ஒப்பந்தங்களின் மீதான பொறுப்பு ஏடுகளில் 1,000 கோடி டாலராக ஏறி நின்றது. பஃபெட் கலங்கவில்லை. ஒப்பந்தங்கள் 15, 20 ஆண்டுகள் கழித்தே முடிவுக்கு வரும். அதுவரை விலை எவ்வளவு வீழ்ந்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஈட்டுத் தொகை எதுவும் கட்டவேண்டியதில்லை என்று அவர் எழுதி வாங்கியிருந்தார். காத்திருந்தார், சந்தை மீண்டது. ரங்கத் இளைஞருக்குக் கிடைக்கும் ஒப்பந்தத்தின் ஆயுள் ஒரு வாரம். மார்ஜின் தொகையோ அன்றாடம் கணக்கிடப்படுகிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். நிஃப்டி 25,000 புள்ளிகளில் இருக்கும்போது, 24,500-க்கான புட்டை ஒருவர் 40 ரூபாய் பிரீமியத்துக்கு விற்கிறார். ஒரு லாட்டுக்கு 75 என்று வைத்துக்கொண்டால் அவர் கணக்கில் 3,000 ரூபாய் வந்து விழுகிறது. வாரக் கடைசியில் நிஃப்டி 24,500-க்குக் கீழே போகவில்லையென்றால் அந்த 3,000 அவருக்கே சொந்தம். அடுத்த வாரமும் அப்படியே. பத்துவாரம் இப்படி வந்தால், தமக்குச் சந்தையின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டதாக அவர் நம்பத் தொடங்குவதில் வியப்பில்லை. பதினோராவது வாரத்தில் நிஃப்டி 5 சதவீதம் சரிந்து 23,750-இல் முடிகிறது. 750 புள்ளிகளை 75-ஆல் பெருக்கினால் 56,250 ரூபாய். பெற்ற பிரீமியத்தைக் கழித்தால் நிகர நஷ்டம் 53,250 ரூபாய். ஏறத்தாழ பதினெட்டு வார வருமானம் ஒரே வாரத்தில் போய்விடுகிறது. அதற்குள் அவர் துணிவு பெற்று ஒரு லாட்டை நான்காக உயர்த்தியிருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் உயர்த்தியிருப்பார்.

ஆக, பத்தில் ஒன்பது வாரம் ஜெயிப்பதால் ஒருவர் லாபத்தில் இருக்கிறார் என்று பொருளல்ல. எத்தனை முறை ஜெயித்தார் என்பதைவிட, தோற்ற அன்று எவ்வளவு தோற்றார் என்பதே இங்கு முக்கியம். வெள்ளம் வராத ஆண்டுகளில் வெள்ளக் காப்பீடு விற்பதைவிடச் சுலபமான தொழில் வேறெதுவும் இல்லை.

2024 ஜூன் மாதத்தின் முதல் வாரத்தை அரசியல் நோக்கர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் 1 சனிக்கிழமை மாலை மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகள் வெளியாயின. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று தொலைக்காட்சிகள் முழங்கின. திங்கள்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் உயர்ந்து 23,263.90 என்ற புதிய உச்சத்தில் முடிந்தது. கணிப்புகளை நம்பியவர்களின் கண்ணுக்கு அன்று புட் விற்பனை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும் பணமாகவே தெரிந்திருக்கும். தேர்தல் முடிவை எதிர்நோக்கிய பதற்றத்தால் பிரீமியமும் வழக்கத்தைவிட அதிகம்; சந்தை வீழாது என்பதற்கோ எல்லாத் தொலைக்காட்சிகளும் சாட்சி.

செவ்வாய்க்கிழமை வாக்குகள் எண்ணப்பட்டன. பாரதிய ஜனதா கட்சிக்கு 240 இடங்கள், கூட்டணிக்கு 293 இடங்கள் என்ற நிலை தெளிவாகத் தெளிவாக, சந்தை சரிந்தது. நிஃப்டி 1,379 புள்ளிகளை, அதாவது ஏறத்தாழ 6 சதவீதத்தை இழந்து 21,884.50-இல் முடிந்தது. சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் வீழ்ந்தது. முதலீட்டாளர்களின் பங்கு மதிப்பில் ஏறத்தாழ 31 லட்சம் கோடி ரூபாய் ஒரே நாளில் கரைந்தது. வாக்குக் கணிப்புகளின் பின்னணியை நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரிக்க வேண்டும் என்று ராகுல் காந்தி கோரியதும், பாஜக அதை நிராகரித்ததும் அதன் தொடர்ச்சி.

அரசியல் விவாதத்தில் கவனிக்கப்படாமல் போனது அடுத்த இரு நாள்களில் நடந்தது. புதன்கிழமை நிஃப்டி 22,620.35-க்கு மீண்டது. அந்த வார ஒப்பந்தங்கள் முடிவுக்கு வந்த ஜூன் 6 வியாழக்கிழமை 22,821.40-இல் நின்றது. இதன் பொருள் என்ன? திங்கள்கிழமை 22,500-க்கான புட்டை விற்ற ஒருவர், செவ்வாய்க்கிழமை சந்தை முடியும்போது 600 புள்ளிகளுக்கு மேல் நஷ்டத்தில் இருந்தார். வியாழக்கிழமைவரை தாக்குப்பிடித்திருந்தால் அவர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது. முழுப் பிரீமியமும் அவருக்கே கிடைத்திருக்கும். சந்தை எங்கு முடியும் என்பதில் அவருடைய கணிப்பு சரிதான்!

ஆனால், தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டுமே? சந்தை சரியும்போது கூடுதல் மார்ஜின் கேட்கப்படும். கட்ட முடியாதவரின் ஒப்பந்தத்தைத் தரகு நிறுவனம் அன்றைய விலையில், அதாவது மிக மோசமான விலையில் முடித்துக்கொள்ளும். அது நிறுவனத்துக்கு உள்ள உரிமை. அதைக் குறைசொல்வதற்கும் இல்லை. கூடுதல் தொகையைக் கட்ட முடிந்த பெரிய நிறுவனம் வியாழக்கிழமை லாபத்துடன் வெளியேறுகிறது. முடியாத சிறு முதலீட்டாளர் செவ்வாய்க்கிழமையே வெளியேற்றப்படுகிறார். இருவரும் விற்றது ஒரே புட், கணிப்பும் ஒன்றே. கணிப்பு தவறுவதால் மட்டும் நஷ்டம் வருவதில்லை. சிறியவராக இருப்பதாலேயே நஷ்டம் வருகிறது என்பதுதான் புட் விற்பனையின் ஆபத்து. "பயிற்சி வகுப்பு" நடத்துபவர்கள் சொல்லித்தராத பாடம் இது.

அதற்கும் முன்பு, 2020 மார்ச் 23-ஆம் தேதி, கரோனா அச்சத்தில் நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 13 சதவீதம் வீழ்ந்தது. தொடக்கத்திலேயே 10 சதவீதம் சரிந்ததால் வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. நஷ்டத்தைக் குறைத்துக்கொண்டு வெளியேறலாம் என்று நினைத்தவர்களுக்கு வெளியேறும் வாசலே அந்த 45 நிமிடமும் பூட்டப்பட்டிருந்தது. தனிப்பட்ட நிறுவனப் பங்குகளின் புட் இன்னும் கடுமையானது. ரிசர்வ் வங்கி யெஸ் வங்கியின் மீது தடை விதித்த மறுநாள், 2020 மார்ச் 6-ஆம் தேதி, அந்த வங்கியின் பங்கு பாதிக்கும் மேல் மதிப்பை இழந்தது. 2019 அக்டோபர் முதல் தனிப்பங்கு ஒப்பந்தங்கள் அனைத்தும் பணமாக அல்லாமல் பங்காகவே தீர்க்கப்பட வேண்டும் என்பது விதி. புட் விற்றவர், யாருமே தொடத் தயங்கும் பங்கை, ஒப்புக்கொண்ட பழைய விலைக்கு வாங்கியே ஆகவேண்டும்.

புட் விற்பனை வங்கிகளையே விழுங்கிய வரலாறு உண்டு. 1762-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் கிளையில் வணிகம் செய்த நிக் லீசன், ஏற்கெனவே மறைத்துவைத்திருந்த நஷ்டத்தை ஈடுகட்ட, ஜப்பானின் நிக்கேய் குறியீட்டின் மீது புட், கால் இரண்டையும் விற்றுப் பிரீமியம் திரட்டினார். சந்தை அசையாதிருக்கும்வரை அது கைகொடுத்தது. 1995 ஜனவரி 17-ஆம் தேதி கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. நிக்கேய் சரிந்தது. சரிவைத் தடுக்கலாம் என்று நினைத்து அவர் மேலும் மேலும் ஃப்யூச்சர்ஸ் வாங்கிக் குவித்தார். பிப்ரவரி இறுதியில் 82.7 கோடி பவுண்டு நஷ்டத்துடன் வங்கி வீழ்ந்தது. டச்சு நிறுவனமான ஐஎன்ஜி அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த அந்தமான் மக்களுக்கு, நிலம் எப்போது அசையும் என்பதை எந்த வரைபடமும் முன்கூட்டிச் சொல்லாது என்று விளக்கத் தேவையில்லை.

இந்தியாவில் இதன் அளவு எவ்வளவு என்பதை இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபியின் ஆய்வுகளே சொல்கின்றன. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர். அவர்களது மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023-24-இல் இவ்வணிகத்தில் ஈடுபட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர், ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்று தெரிவித்தவர்கள். 43 சதவீதத்தினர் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். 72 சதவீதத்துக்கும் அதிகமானோர் முப்பது பெருநகரங்களுக்கு வெளியே வசிப்பவர்கள். ரங்கத் போன்ற ஊர்கள் இந்தக் கடைசிக் கணக்கில்தான் வருகின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் புள்ளிவிவரமே இப்போது விளம்பரமாகிவிட்டது. "ஆப்ஷன் வாங்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் தோற்கிறார்கள், எனவே வாங்காதீர்கள், விற்பவர் பக்கம் வாருங்கள்" என்று அழைக்கிறார்கள். செபி சொன்னது, வாங்கியவர், விற்றவர் என்று பிரிக்காமல், தனிநபர்கள் அனைவரையும் பற்றி. அவர்கள் இழந்த பணம் எங்கே போனது என்பதற்கும் அதே ஆய்வில் விடை இருக்கிறது. 2023-24-இல் தங்கள் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடி ரூபாயும், வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் 28,000 கோடி ரூபாயும் செலவுகளுக்கு முந்தைய லாபமாக ஈட்டின. அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டது கணினி நிரல்கள் தாமே நடத்திய வணிகத்தின் வழியே வந்தது. விற்பவர் பக்கத்து நாற்காலி காலியாக இல்லை. அதில் ஏற்கெனவே பலசாலிகள் அமர்ந்திருக்கிறார்கள்.

எதிரே இருப்பவர் யார் என்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் ஜேன் ஸ்டிரீட் குழுமத்துக்கு எதிராக 2025 ஜூலை 3-ஆம் தேதி பிறப்பித்த இடைக்கால உத்தரவில், 4,843 கோடி ரூபாயை முடக்க செபி ஆணையிட்டது. 2024 ஜனவரி 17-ஆம் தேதி காலையில் வங்கிப் பங்குகளைப் பெருமளவில் வாங்கிக் குறியீட்டை அந்தக் குழுமம் தூக்கி நிறுத்தியது என்பதும், அதே வேளையில் ஆப்ஷன் சந்தையில் மலிவாகக் கிடைத்த புட்டுகளை வாங்கி, கால்களை விற்றது என்பதும், பிற்பகலில் பங்குகளை விற்றுக் குறியீட்டை இறக்கியது என்பதும் செபியின் குற்றச்சாட்டு. அன்று ஒரே நாளில் ஆப்ஷன் வணிகத்தில் அது ஈட்டிய லாபம் ஏறத்தாழ 735 கோடி ரூபாய் என்கிறது உத்தரவு. குழுமம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகியது. சட்டத்தின் முடிவு எதுவாயினும் ஒன்று நிச்சயம். அன்று காலை குறியீடு உயர்வதைப் பார்த்து, இனி வீழாது என்று நம்பி மலிவாகப் புட் விற்ற சிறு முதலீட்டாளருக்கு, அதை வாங்குவது யார் என்று தெரிய வாய்ப்பே இல்லை.

நாடாளுமன்றம் இதை முன்பே யோசிக்காமலில்லை என்பதுதான் நினைவுகூரத்தக்கது. பங்குகள் மீதான ஆப்ஷன் வணிகத்துக்கு 1956-ஆம் ஆண்டின் பங்கு ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் தடை விதித்திருந்தது. தேஜி, மந்தி என்ற பெயர்களில் பம்பாயில் அது மறைமுகமாக நடந்தது வேறு விஷயம். 1995-இல் தடை நீங்கியது. எல்.சி. குப்தா குழு 1998-இல் அறிக்கை அளித்தது. 1999-இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது நிதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, சிறு முதலீட்டாளர்கள் விலகியிருக்க வேண்டும் என்பதற்காகவே, ஓர் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 2 லட்சம் ரூபாயாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அன்று அது பெரிய தொகை. தேசியப் பங்குச் சந்தையில் குறியீட்டு ஆப்ஷன் வணிகம் 2001 ஜூன் 4-ஆம் தேதி தொடங்கியது. சரியாக 23 ஆண்டுகள் கழித்து அதே ஜூன் 4-இல்தான் தேர்தல் முடிவுச் சரிவு நேர்ந்தது என்பது தற்செயல்.

குறைந்தபட்ச மதிப்பு 2015-இல் 5 லட்சமாகவும், 2024 நவம்பரில் 15 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. ஒரு சந்தையில் வாரத்துக்கு ஒரு குறியீட்டு ஒப்பந்தம் மட்டுமே முடிவுக்கு வரலாம் என்றும், முடிவு நாளில் ஆப்ஷன் விற்பவர்கள் 2 சதவீதம் கூடுதல் மார்ஜின் கட்ட வேண்டும் என்றும் செபி விதித்தது. 2025 ஜனவரியில், பயிற்சி என்ற பெயரில் பங்கு ஆலோசனை வழங்குவதற்கும் கடிவாளம் போட்டது. இவை சரியான நடவடிக்கைகளே. எனினும், 2024-25-இல் தனிநபர்களின் நஷ்டம் ஏறத்தாழ 1.05 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. நஷ்டமடைந்தவர்களின் விகிதம் 91 சதவீதம். ஒப்பந்த மதிப்பை உயர்த்துவது வாங்குபவரை வேண்டுமானால் தடுக்கும். விற்பவரைப் பொறுத்தவரை, ஒரு லாட்டில் ஏற்படக்கூடிய நஷ்டத்தையும் அது அதே அளவுக்கு உயர்த்துகிறது.

மத்திய அரசு தன் பங்குக்கு, பங்குப் பரிவர்த்தனை வரியை 2024 பட்ஜெட்டில் உயர்த்தியது. ஆப்ஷன் பிரீமியத்தின் மீது 0.0625 சதவீதமாக இருந்த வரி 0.1 சதவீதமாயிற்று. அந்த விகிதத்தில் 3,000 ரூபாய் பிரீமியத்துக்கு வரி 3 ரூபாயாகவே இருந்தது! இது யாரைத் தடுத்து நிறுத்தும்? கருவூலத்துக்கு வருவாய் கூடியது என்பதைத் தவிர வேறு பயனில்லை. தனிநபர்கள் மூன்றாண்டுகளில் கட்டணம், வரி என்று செலவிட்ட தொகை மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் என்கிறது செபி. அதில் பாதி தரகு நிறுவனங்களுக்கும், ஐந்தில் ஒரு பங்கு சந்தைகளுக்கும் போயிற்று. ஆட்டத்தில் யார் தோற்றாலும் மேசைக்குச் சொந்தக்காரர்களுக்கு வருமானம் நிற்பதில்லை. மேசைக்குச் சொந்தக்காரர்களில் அரசும் ஒன்றாக இருக்கும்போது, தயக்கத்தின் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை.

இப்போது காப்பீட்டுக்கு வருவோம். இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனமோ பொதுக் காப்பீட்டு நிறுவனமோ தொடங்க 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும் என்கிறது 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம். தொடங்கிய பிறகும், பொறுப்புகளைத் தாங்கும் வலுவுக்காக வரையறுக்கப்பட்ட தொகையைப் போல ஒன்றரை மடங்கு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் வற்புறுத்துகிறது. ஒரே ஊரில், ஒரே ஆபத்துக்கு மட்டும் பாலிசி எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும் நிறுவனம் எதுவும் கிடையாது. இவ்வளவும் எதற்காக? பிரீமியம் வாங்குவது எளிது. பேரிடர் நாளில் கொடுப்பதே கடினம் என்பதற்காக. ஆனால், சந்தை வீழ்ச்சிக்குக் காப்பீடு எழுதித் தர ஒரு கைபேசியும், ஒன்றிரண்டு லட்சம் ரூபாயும் போதும். அதுவும் பல வேளைகளில் கடன் வாங்கிய லட்சம். பரவலாக்கப்பட்ட ஆபத்தும் இல்லை, கையிருப்பும் இல்லை. வீழ்ச்சி வரும் நாளில் எழுதிய எல்லாப் பாலிசிகளும் ஒரே நேரத்தில் பணம் கேட்டு வரும்.

முற்றிலும் தடை செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தடை இருந்த காலத்தில் தேஜி, மந்தி நடந்ததுபோல, இன்றும் எந்த விதிக்கும் கட்டுப்படாத டப்பா வணிகம் காத்திருக்கிறது. மேலும், வீழ்ச்சிக்குப் பாதுகாப்புத் தேடும் உண்மையான முதலீட்டாளருக்கு அதை விற்க யாராவது இருந்தாக வேண்டும். கேள்வி, யார் விற்கலாம் என்பதுதான்.

அதற்கு விடை கடினமானதல்ல. முழுத் தொகையையும் கையில் வைத்திருப்பவர் அல்லது வரையறுக்கப்பட்ட நிகரச் சொத்து உள்ளவர் மட்டுமே பாதுகாப்பில்லாமல் புட் விற்கலாம் என்று செபி விதிக்கலாம். மற்றவர்கள், தாங்கள் விற்கும் புட்டோடு, அதைவிடக் கீழான விலைக்கு ஒரு புட்டை வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயமாக்கலாம். காப்பீட்டு நிறுவனங்கள் மறுகாப்பீடு செய்துகொள்வதைப் போன்றதுதான் இது. லாபம் சற்றுக் குறையும். நஷ்டத்துக்கு ஓர் எல்லை இருக்கும். பொத்தானை அழுத்துமுன், கிடைக்கப்போகும் பிரீமியத்தைக் காட்டும் அதே அளவு எழுத்தில், சந்தை 5 சதவீதமும் 10 சதவீதமும் வீழ்ந்தால் கொடுக்க வேண்டிய தொகையையும் தரகு நிறுவனங்கள் காட்ட வேண்டும். அது தமிழிலும் வங்க மொழியிலும் பிற இந்திய மொழிகளிலும் இருக்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் நஷ்டமடைகிறார்கள் என்ற எச்சரிக்கையைத் திரையில் காட்ட 2023-லேயே செபி உத்தரவிட்டது. பொதுவான எச்சரிக்கை யாரையும் தடுப்பதில்லை. அந்தப் பத்தாவது ஆள் தாமே என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறார்.

இன்னொன்றும் உடனடியாகச் செய்யத்தக்கது. தனிநபர்களின் லாப நஷ்டத்தை, ஆப்ஷன் வாங்கியவர்கள், விற்றவர்கள் என்று தனித்தனியே பிரித்து செபி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2020 மார்ச், 2024 ஜூன் போன்ற சரிவு நாள்களில், மார்ஜின் கட்ட இயலாமல் எத்தனை பேரின் ஒப்பந்தங்கள் வலுக்கட்டாயமாக முடிக்கப்பட்டன என்ற விவரம் தரகு நிறுவனங்களிடம் இருக்கிறது. 1999-இல் 2 லட்சம் ரூபாய் வரம்பைப் பரிந்துரைத்த அதே நிதித்துறை நிலைக்குழு, அந்த விவரத்தை செபியிடமும் நிதி அமைச்சகத்திடமும் கேட்டுப் பெற்று அவையின் முன் வைக்க வேண்டும்.